எருமை கொடுத்த புகார்

எல்லைக்கோட்டில் நின்று பந்து தடுத்துக்கொண்டிருந்த எருமைக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து கேலரியில் இருந்த கொக்குக் கூட்டம் அதன் நிறத்தைச் சொல்லியே கத்திக்கொண்டிருந்தது. எருமை நேரே நடுவர் ஆமையிடம் போய் நின்றது.

"ஐயா, கேலரியில என்னைக் கேவலமாப் பேசுறாங்க."

அதுவரை ஓட்டுக்குள் இருந்த தலையை ஆமை வெளியே நீட்டியது. "என் காதுல ஒண்ணும் விழலையே! எந்தக் கொக்கு?"

"எல்லாக் கொக்கும்தான்."

"உனக்குத்தான் தடிச்ச தோலாச்சே. கண்டுக்காம ஆடேன்ப்பா."

"தோல்தான் தடிப்புங்க, காது இல்லை."

ஆமை சலித்துக்கொண்டது. "சரி, புகாரை மைக்குலதான் சொல்லணும், அதுதான் விதி. அவங்க சொன்னதை அப்படியே சொல்லு."

எருமைக்கு நாக்குக் கூசியது. "அதை என் வாயால எப்படிங்க..."

"சொன்னாத்தான் நடவடிக்கை."

எருமை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. "'ஏய் கரிச்சட்டி, சேத்துக்கே ஓடு!'"

மைதானம் முழுக்க அது எதிரொலித்தது. கொக்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஆமை எருமையை நோக்கி விரலை நீட்டியது. "அப்பாடா! இந்த மைதானத்துல அசிங்கமாப் பேசுறது யாருன்னு இப்பதான் என் காதால கேட்டேன். நீ வெளியே போ."