மாவட்டம் கொடுத்த சீட்டு

மேசைக்கு அந்தப் பக்கம் எழுதப்படுவதைத் தலைகீழாகவே படித்துவிட்டார் இளங்கோவன்.

முப்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவருக்கு அது ஒரு வித்தையே இல்லை. மருந்துச் சீட்டு கொண்டுவருகிறவர்கள் தங்கள் பக்கமாகப் பிடித்தேதான் நீட்டுவார்கள். அவர்கள் திருப்பிப் பிடிப்பதற்குள் இவர் மருந்தை எடுத்திருப்பார்.

காகிதத்தில் இரண்டே பெயர்கள். இளங்கோவன். பூவம்மாள்.

பூவம்மாளுக்கு எதிரே சின்னதாக ஒரு டிக்.

பன்னிரண்டு கடைகளையும் மகள் ஷாரோன் கையில் ஒப்படைத்தாகிவிட்டது. மருந்து வணிகர் சங்கத் தலைவர் பதவியை நேற்றுதான் உதறினார். எல்லாம் எம்.எல்.ஏ. சீட்டுக்காக. இந்த நேர்காணலுக்கென்று புதுசாய் ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைத்தாயிற்று. பைக்குள் வைத்த தலைவர் படம் வெளியே பளிச்சென்று தெரிகிற மாதிரி, கட்சிக்காரர்களுக்கென்றே தைக்கிற மெல்லிய சட்டை.

எதிரே பேனாவோடு மாவட்டச் செயலாளர் பரமசிவம். கட்சியில் அவருக்குப் பெயரே 'மாவட்டம்'தான். அவர் எழுதி அனுப்புகிற ஆளுக்குத்தான் தலைமை சீட்டு கொடுக்கும். இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு மேலும் ஏதோ எழுதினார். வரி போகப் போக எழுத்து எறும்பாய்ச் சிறுத்தது.

மனிதர் காகிதத்தில்கூடச் சிக்கனம் போலிருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் நகரச் செயலாளர் முனிரத்தினம் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இருமல் மருந்து ஊத்திக்கினு இருந்தா ஓட்டு வுழுமா கம்பவுண்டரே? ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. நமக்கு எதிர்ல நிக்கிறானே பரசுராமன், அவன் வூட்டுக்கு மாத்திரை உங்க கடையிலேர்ந்துதான் போவுதாமே. இன்னா வியாதி?"

மாவட்டத்தின் பேனா இரண்டு பெயர்களுக்கும் நடுவில் நின்றது.

இளங்கோவனுக்குத் தெரியும். வியாதி தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அரை மாத்திரை முழு மாத்திரையானதும் தெரியும்.

ஒரே ஒரு வார்த்தை. அந்த டிக் இடம் மாறிவிடும்.

வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவர் கடைகளில் ஒரு பழக்கம். மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லி உள்ளே கேட்கக் கூடாது. சீட்டைத்தான் கைமாற்ற வேண்டும். திருப்பருத்திக்குன்றத்துப் பெண்கள் வழியில் ஆறு கடைகளைத் தாண்டி இவர் கடைக்கு வருவது அதனால்தான்.

"ஞாபகமில்லீங்க," என்றார்.

முனிரத்தினம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "மறதிக்கு மாத்திரை இல்லியா உங்க கடையில?"

"முனி, கீழ போயி டீ சொல்லுபா," என்றார் மாவட்டம்.

கதவு சாத்திய பிறகு, நாலாய் மடித்த ஒரு காகிதம் மேசையைத் தாண்டி வந்தது. இடது கையால் நீட்டினார். விரல்கள் நிற்காமல் ஆடின.

"சீட்டு அந்தம்மாவுக்குத்தான்பா. நேத்தே முடிஞ்சிட்டுது. முனிய அப்படிக் கேக்கச் சொன்னது நான்தான், நீ வாயைத் தொறக்கறியான்னு பாக்க. இது மட்டும் வெளிய தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க."

இளங்கோவன் பிரித்தார். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு. நோயாளியின் பெயர் இருந்த ஓரத்தைக் கிழித்திருந்தார்கள். மருந்தின் பெயரே போதும். நடுக்குவாதம்.

எழுத்து எறும்பாய்ச் சிறுத்தது காகிதச் சிக்கனத்தால் இல்லை.

தலையசைத்துவிட்டு எழுந்தார்.

கட்சி அலுவலகத்துக்குக் கீழே இருந்த பட்டுக்கடை வாசலில் ஷாரோனும் பன்னிரண்டு கடை ஆட்களும் மாலையோடு நின்றிருந்தார்கள். சீட்டைப் பிடித்தே பழகிய கை. படியிறங்கும்போது அதைப் பைக்குள் வைக்கத் தோன்றவில்லை.

"அப்பா, சீட்டு?"

"கையிலயே வச்சிக்கினு வராரு பாருமா! மாவட்டமே குடுத்துட்டாருபா சீட்டு!"

பழைய கடை மேனேஜர் ஜான்சன் கத்திய கத்தலில் சரவெடியைப் பற்ற வைத்துவிட்டார்கள்.

இது அந்தச் சீட்டு இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் இளங்கோவன். சொன்னால், பின்னே எந்தச் சீட்டு என்பார்கள்.

காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழுத்துக்கு வந்த மாலையை வாங்கி மகள் கழுத்திலேயே போட்டார். பிறகு நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளையும் கூப்பினார்.

"பார்றா, இப்பவே வணக்கம் வைக்க ஆரம்பிச்சிட்டாரு!"

வெடி ஓய்ந்தது. புகை கலைந்தது. நின்றிருந்த ஆட்டோக்கள் நகர்ந்தன. கூப்பிய கைகளை மட்டும் அவர் இறக்கவே இல்லை.

புதுச் சட்டையின் பை அத்தனை மெல்லியது.