நாலு பிளஸ் ஸ்க்ரூ

பழைய சின்னக் கார்கள் அசல் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்து மார்க் போடும் போட்டி. நீல நிறக் காரின் கதவைத் திறந்து பார்த்த நடுவர், அதன் உரிமையாளரான பெண்மணியிடம் உதட்டைப் பிதுக்கினார்.

“கைப்பிடியில நாலும் பிளஸ் ஸ்க்ரூ. இந்தக் கார் வந்த வருஷத்து மாடலுக்கு மைனஸ் ஸ்க்ரூதாம்மா வரும். அஞ்சு மார்க் போச்சு.”

“அப்படிங்களா?”

“என்கிட்டயும் இதே மாடல் இருக்கு. எவனோ ஒரு அரைவேக்காடு இதே மாதிரி பிளஸ் போட்டு வச்சிருந்தான். போன வாரம்தான் கழட்டிக் குப்பையில போட்டுட்டு, கடை கடையா அலைஞ்சு மைனஸ் வாங்கி மாட்டினேன். சரி, இதுல யார் கைவச்சது?”

“நான்தாங்க.”

“தெரியாத வேலையில ஏம்மா இறங்குறீங்க? எப்ப மாட்டினீங்க?”

“முப்பத்தெட்டு வருஷமாச்சு. இந்தக் காரைச் செஞ்ச கம்பெனியில கதவு மாட்டுறதுதான் என் வேலை. ஒரு நாள் சாயங்காலம் மைனஸ் ஸ்க்ரூ தீர்ந்துபோச்சு. கடைசி ரெண்டு காருக்கு மட்டும் பிளஸ் போட்டு அனுப்பினேன். அதுல ஒண்ணை நானே வாங்கிட்டேன். இன்னொண்ணு யார்கிட்ட இருக்குன்னுதான் தெரியல.”

நடுவர் அஞ்சு மார்க்கைத் திரும்பப் போட்டார். பிறகு ஓரமாகப் போய் மனைவிக்குப் போன் செய்தார்.

“போன வாரக் குப்பையைக் கொட்டியாச்சா?”