கிணறு வெட்டிய மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு முன்பே சொத்து விஷயத்தை எழுதி வைத்துவிட வேண்டும் என்று சொன்னவனே மாப்பிள்ளை நிரோஷன்தான். பெண் வீட்டார் வாயைப் பிளந்தார்கள்.

"மாமா, காணி, வீடு எல்லாம் ஷாமிளா பேர்லயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் வேணாம்னு லாயர் முன்னுக்கு எழுதித் தாறேன். நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது பாருங்க."

பெண்ணின் அப்பா நல்லையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளெல்லாம் றப்பர் மரத்தில் பால் வெட்டி, கடைசியில் கைக்கு வந்த சேமலாப நிதியைக் கொட்டி இறக்குவானைப் பக்கம் அவர் வாங்கிய துண்டுக் காணி அது. அதைச் சீதனமாகக் கேட்காத மாப்பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பான்?

நிரோஷனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காணி யாருக்கு வேண்டும்? காணிக்கு அடியில் இருப்பதல்லவா வேண்டும்! அந்த வீட்டில் கோழி அறுத்தபோது இரைப்பைக்குள் நீலக்கல் இருந்ததாம். கண்ணாடித் துண்டு என்று தூக்கி வீசிவிட்டார்களாம். தரகர் முத்துவீரன் ரகசியமாக அவன் காதில் போட்ட சேதி. இரத்தினபுரிப் பக்கத்துக் கோழி நீலக்கல்லை விழுங்குகிறதென்றால், கீழே மாணிக்க மண் இருக்கிறது என்று அர்த்தம். பாவம், இவர்களுக்கு அந்த விவரமெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

இரத்தினபுரியில் லாயர் வாசித்துக் காட்டும்போது ஷாமிளா குறுக்கிட்டாள்.

"சேர், இனிமே அவர் அந்தக் காணியில கட்டுறதுக்கும் வெட்டுறதுக்கும் செலவு கேக்க மாட்டார்னு சேர்த்துக்கங்க. கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி."

"ஏம்மா இப்படி அபசகுனமா பேசுற?" என்று நல்லையா பதறினார்.

"பரவாயில்ல மாமா, எழுதட்டும்" என்று பெரிய மனது பண்ணிக் கையெழுத்துப் போட்டான் நிரோஷன்.

வெளியே வந்ததும் தன் காரியத்தைத் தொடங்கினான். "ஷாமிளா பீலியில இருந்து தண்ணி தூக்கிட்டு வாறத பார்க்க மனசு கேக்கல மாமா. கல்யாணத்துக்கு என் பரிசா ஒரு கிணறு வெட்டித் தாறேன்."

ஓட்டிப் பிழைத்த முச்சக்கர வண்டியை விற்று ஆள் பிடித்தான். வந்தவர்கள் எல்லோரும் மாணிக்கக் குழியில் பழகிய கைகாரர்கள். தோண்டிய மண்ணைக் கூடையில் போட்டுத் தண்ணீரில் அரித்தார்கள். நல்லையா ஏனென்று கேட்டதற்கு, கிணற்றடிக்கு நல்ல மணல் எடுக்கிறோம் என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஷாமிளா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுப்பாள். அப்போதெல்லாம் நிரோஷனுக்கு நெஞ்சு குறுகுறுக்கும். கல் கிடைத்த அன்றே கம்பி நீட்டுவது என்று முடிவு செய்திருந்தவன், போகும்போது அவளுக்கு ஒரு சேலையாவது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

கல் கிடைக்கவில்லை. களிமண் வந்தது, மணல் வந்தது, பிறகு குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. வாக்குக் கொடுத்த பாவத்துக்கு கிணற்றுக்குள் சிமெந்து வளையமும் இறக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிரோஷன் அழாத குறை.

மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அம்மா சாதகத்தைத் திரும்பப் பார்த்தாங்க மாமா. பொருத்தம் சரியில்லையாம். இந்தக் கிணத்துச் செலவுல பாதியாவது..."

"அதுதான் எழுதியாச்சே" என்றாள் ஷாமிளா. குரலில் கோபமே இல்லை.

கிழவர் ஊரைக் கூட்டுவார், பொலிஸுக்குப் போவார் என்று நிரோஷன் பயந்துகொண்டிருந்தான். நல்லையாவோ பெருமூச்சு விட்டதோடு சரி. "விதி தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

இவ்வளவு நல்ல மனிதர்களையா ஏமாற்றப் பார்த்தோம் என்று அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. குடித்துவிட்டு எழுந்தான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது உள்ளே ஷாமிளாவின் குரல் கேட்டது.

"அப்பா, போன வருஷம் வந்தவர் கக்கூஸ் குழி வெட்டினார், இவர் கிணறு வெட்டிட்டார், அடுத்து வாறவருக்குப் புது வீட்டு அத்திவாரத்தக் குடுப்போம்னு தரகர்கிட்ட சொல்லிருங்க."