சக்கரத்தடிக் கல்

பாமீர் மலைப்பாதையில் எங்கே நிறுத்தினாலும் தாலாய் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பான். "ஆட்டோமேட்டிக் வண்டிடா தம்பி. 'பி'யில போட்டா மலை நகந்தாலும் இது நகராது. நீ இன்னும் குதிரைவண்டியிலயே இரு" என்று எசென் கேலி செய்வான்.

போன வசந்தத்தில் கணவாயில் நின்றபோது, அந்தக் கேலிக்காகவே தாலாய் கல் வைக்கவில்லை. ஃபோர் வீல் டிரைவின் சின்னக் கியரை எசென் நியூட்ரலில் விட்டிருந்தான். அது நியூட்ரலில் இருந்தால் 'பி' பிடிக்காது. தாலாய் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வண்டி அவன் மேல் உருண்டு உயிரைப் பறித்தது.

இப்போது தனியாக ஓட்டும் எசென் சின்னக் கியரைப் பார்த்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்குகிறான். கல்லோடு பின்னால் போனால், சக்கரத்தடியில் ஏற்கெனவே ஒரு கல் இருக்கும்.

இன்று கணவாயில் அவன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். "எல்லாம் சரியா பாத்துட்டேன்டா. நம்பு" என்றான்.

பிறகு சுற்றிப் போய்ப் பார்த்தான். வழக்கமான சக்கரத்தடியில் மட்டுமல்ல, மறுபக்கச் சக்கரத்தடியிலும் ஒரு கல் இருந்தது.