சத்தமில்லாத பெட்டி

"சத்தமே வரக் கூடாது. நாள் பூரா ஓடணும், ஆனா ஓடுறதே தெரியக் கூடாது."

வந்தவர் இதைச் சொன்னதே கிசுகிசுப்பாகத்தான். கடைக்காரர் கக்வா வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பட்டப்பகலில், கம்பாலாவின் வாண்டெகெயா மாதிரி இரைச்சலான கடைத்தெருவில், நல்ல காரியத்துக்கு வந்தவன் எவனாவது ரகசியம் பேசுவானா?

பயத்துக்குக் காரணம் இருந்தது. திருட்டுத்தனமாகப் படம் காப்பி பண்ணிக் கொடுத்ததற்காக எதிர்க்கடைக்கு இந்த வாரம்தான் அதிகாரிகள் சீல் வைத்திருந்தார்கள். கக்வா பெயருக்குப் பழைய கம்ப்யூட்டர் வியாபாரி. அவர் வீட்டில் அடுப்பு எரிவதும் காப்பி பண்ணும் படத்தால்தான்.

"வீட்டுக்கு சர்வரா, ஸெபோ?" 'ஐயா' என்கிற மரியாதையோடு கக்வா சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "இதப் பாருங்க, பேங்க்ல கழிச்சது. ரெண்டு பிராசசர். யானை!"

"யானை மாதிரியே பிளிறும். கரண்டையும் அப்படியே தின்னும். கரண்ட் போனா என் இன்வெர்ட்டர் தாங்காது. வேணாம்."

விவரமான ஆள். கக்வாவுக்குச் சந்தேகம் கூடியது. கையடக்கமான சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதுல ஒரு ஹார்ட் டிஸ்க்குதானே போகும்? எனக்கு ரெண்டு வேணும். ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கணும். ஒண்ணு செத்தாலும் எதுவும் போகக் கூடாது."

"அப்படி என்ன வைக்கப்போறீங்க?"

"படம்," என்று கிசுகிசுத்தார் வந்தவர்.

உள்ளே படம் காப்பி பண்ணும் மேசை முன்னால் உட்கார்ந்திருந்த கக்வாவின் மனைவி ரெஸ்டி, சத்தம் காட்டாமல் மானிட்டரை அணைத்தாள்.

கக்வா அவசரமாக ஒரு ஆபீஸ் டவரைத் தூக்கி வைத்தார். நாலு டிஸ்க் போகும், கரண்டும் அதிகம் இழுக்காது. வந்தவர் அதை ஓடவிட்டு, பக்கத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மெமரி கூட்டலாமா? இதுக்குள்ளயே தனியா இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டணும். பழைய விண்டோஸ். நெட் தொடர்பே இருக்கக் கூடாது."

"கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டரா?" என்றாள் ரெஸ்டி உள்ளேயிருந்து. "யாருக்குத் தெரியாம என்ன செய்யப்போறாராம்?"

"என் சவுண்டு சாஃப்ட்வேர் பழசும்மா. புது விண்டோஸ்ல ஏறாது."

"மெமரி எவ்வளவு வேணும்னாலும் போட்டுத் தர்றேன், ஸெபோ," என்றார் கக்வா. ஆள் கிளம்பினால் போதும் அவருக்கு.

"அப்ப இதையே எடுத்துக்கறேன். டிஸ்க்கை நிரப்பிக் குடுங்க."

கக்வாவுக்கு வியர்த்தது. கம்பாலாவில் டிஸ்க்கைக் காலியாகக் கொடுத்தால் கடைக்குத்தான் அவமானம். படத்தால் நிரப்பித்தான் கொடுப்பார்கள். ஆனால் மாட்டிவிட நினைப்பவனும் இப்படித்தானே கேட்பான்?

"எ... எதால நிரப்பணும்?"

"விஜே கிட்டிம்போ பேசின படம். முதல் படத்துலேர்ந்து எல்லாம்."

போச்சு! அமெரிக்கப் படமோ சீனப் படமோ, ஓடும் படத்துக்கு மேலேயே உள்ளூர் லுகாண்டா மொழியில் கதை சொல்லி, நாயகனுக்கும் வில்லனுக்கும் வில்லனின் நாய்க்கும்கூடத் தானே குரல் கொடுத்து, வீடியோ கொட்டகைகளைக் கலகலக்க வைத்தவர் கிட்டிம்போ. ஒவ்வொரு படத்தையும், திருட்டுக் காப்பிக்காரர்களை வாய் வலிக்கத் திட்டிவிட்டுத்தான் தொடங்குவார். அவரே அனுப்பிய ஆள்தான் இவர், சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டினார் கக்வா.

"எங்க கடையில அந்த மாதிரிப் படமெல்லாம் கிடையாது, ஸெபோ."

"பொய் சொல்லாதீங்க. கிட்டிம்போ படம் ஒண்ணு விடாம உங்ககிட்ட இருக்குன்னு தெருவே சொல்லுது."

"இருந்துச்சு!" ரெஸ்டி எழுந்து வந்து, வாய் கூசாமல் பொய்யை அவிழ்த்துவிட்டாள். "தப்புன்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சிட்டோம். நீங்க யாருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கங்க."

வந்தவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. ஒரு அதிகாரி இப்படி அழுது கக்வா பார்த்ததில்லை.

"எல்லாத்தையுமா?" அதே கிசுகிசுப்பு. "தொண்டை ஆபரேஷன்ல என் குரல் போச்சு. நான் பேசின படமெல்லாம் இருந்த டிஸ்க்கும் போச்சு. காலம் பூரா உங்களத் திட்டினேன், வாஸ்தவம்தான்... ஆனா என் குரலத் திருடினவங்களாவது பத்திரமா வச்சிருப்பீங்கன்னு நம்பித்தானே வந்தேன்!" என்றார் விஜே கிட்டிம்போ.