சேவல் இறகுத் தூண்டில்

"அப்படி இல்லைங்க. இறகோட அடியை முள்ளோட சேத்துப் புடிச்சுக்கிட்டு, அப்புறம் நூலைச் சுத்துங்க" என்றாள் அம்சம்.

போலீஸ்காரர் மரியஅந்தோணி உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சுற்றினார். நூல் வழுக்கியது. இறகு காற்றில் பறந்து மதகுச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"என் விரலுக்கு இது வராது போலிருக்கே!"

"வரும்ங்க. வெயில் கண்ணுல அடிக்குது, அதான். இப்படித் திரும்பி உக்காருங்க."

அவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அம்சத்துக்குப் பாதி உயிர் வந்தது.

எதிரே, நாணல் புதருக்குள் அவள் புருஷன் வீரையன் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியவர்களுக்கு அவன்தான் தலைவன். களத்தில் நடந்த அடிதடி வழக்கில் முதல் பெயராக அவன் பெயரைச் சேர்த்திருந்தார்கள். அடிதடி நடந்தபோது அவன் ஊரிலேயே இல்லை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? பொழுது சாய்வதற்குள் நாணலை வெட்டித் தேடப்போகிறார்களாம். அதற்குள் அக்கரைக்குப் போயாக வேண்டும். மதகில் இந்த ஒரு ஆள்தான் காவல்.

"இங்க என்ன பண்றே?" என்று முதலில் அதட்டிக்கொண்டுதான் வந்தார் அவர். தூண்டில் கட்டுகிறேன் என்றாள். புழு இல்லாமல் என்ன தூண்டில் என்று கேட்டார்.

"புழு எடுக்க வரப்புல கால் வைக்க விட மாட்டேங்கிறாங்க பண்ணையார் ஆளுங்க. அதான் சேவல் இறகு. தண்ணியில இழுத்தா பூச்சி நீந்துற மாதிரியே இருக்கும். விரால் ஏமாந்து பாயும்" என்றாள்.

"கேம்ப்புல தெனம் கத்திரிக்காய் சாம்பார்தான். எனக்கும் கத்துக் குடேன்" என்று லத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது இறகை முள்ளோடு பிடித்துவிட்டார். ஆனால் முடிச்சு தலைகீழ். அம்சம் அவிழ்த்துக் கொடுத்தாள். அடுத்தது தளர்ந்துபோனது. அதையும் அவிழ்த்தாள். ஒரு பெரிய மனுஷனுக்கு இவ்வளவு மக்குத்தனமா என்று மனசுக்குள் கும்பிடாத சாமிக்கெல்லாம் நன்றி சொன்னாள்.

பின்னால் 'சளக்'கென்று சத்தம்.

மரியஅந்தோணியின் தலை நிமிர்ந்தது.

"ஐயா, நூல்! நூல் அவுருது, புடிங்க!" அலறியேவிட்டாள்.

அவர் பதறிக் குனிந்தார். "விரால் துள்ளுது போல."

"ஆமாங்க, பெரிய விரால்" என்றாள்.

அவர் தோளுக்கு மேலே அவள் பார்த்தாள். ஒரு கறுத்த தலை நடு ஆற்றில் மிதந்தது. பிறகு அக்கரைப் படுகையில் ஈர முதுகு ஒன்று ஏறியது. வாழைத்தோட்டத்துக்குள் மறைந்தது.

சற்று நேரத்தில் சாலையில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்தபடியே கத்தினார்: "யாராவது ஆத்தைத் தாண்டினானா?"

மரியஅந்தோணி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "இல்லீங்க ஐயா. நான் இந்த இடத்தை விட்டு அசையலை."

ஜீப் போய்விட்டது. அம்சத்துக்கு நெஞ்சு உறுத்தியது. வெள்ளந்தியான மனுஷன். விஷயம் தெரிந்தால் இவர் வேலையே போய்விடும். கண்ணைப் பார்க்க முடியாமல் முள்ளையும் நூலையும் அள்ளினாள்.

"நான் வர்றேங்க. உங்களுக்கு இன்னொரு நாள் சொல்லித் தர்றேன்."

"இருங்கக்கா" என்றார்.

அக்கா? அவள் நிமிர்ந்தாள்.

அவர் ஒரு முள்ளை எடுத்தார். இறகை வைத்து, நூலை நாலு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து அவள் உள்ளங்கையில் போட்டார். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அவள் கட்டியதைவிட அது கச்சிதமாக இருந்தது.

"கோடியக்கரையில சீலா மீனுக்குச் சின்ன வயசுலேர்ந்து நாங்க இப்படித்தான் கட்டுவோம்" என்றவர் லத்தியை எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "அண்ணனைத் தெக்குப் பாதையில மட்டும் போக வேணாம்னு சொல்லுங்க, அங்க இன்னொரு ஜீப் நிக்குது."