தடை கேட்கும் இடத்தில் டிரம்பெட்

சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியபடியே ஜோசுவா மகளின் கல்யாணத்துக்கான அடுத்த பாட்டையும் தள்ளிவிட்டார்.

"இதுல ஃபினிஷிங் இல்ல மாஸ்டர். வேற."

ஷூ தைக்கும் தோலில் கீறல் தேடும்போது இருக்கும் அதே முகம். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அவர் புரொடக்‌ஷன் மேனேஜர். இசையைப் பற்றி ஒன்றும் தெரியாததை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. வெளிநாட்டுக்காரனிடமே சாம்பிள் காட்டி ஓகே வாங்குகிறவருக்கு ஒரு பாட்டை ஓகே பண்ணுவதா பெரிய காரியம்?

சர்ச் பாடகர் குழுவின் ஆசீர்வாதம் மாஸ்டர், டீபாய் மேல் வைத்திருந்த கீபோர்டில் வேறொன்றைத் தொடங்கினார்.

பாதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பெண் உள்ளே வரும்போது வேலூர் டிரம்பெட் செட். தாலி கட்டும்போது சென்னையிலிருந்து வயலின். கையெழுத்துப் போடும்போது ஒரே நிறப் புடவையில் பாடகர் குழு. கோயம்புத்தூர் சம்பந்தி வீடு வாயடைத்துப் போக வேண்டும்.

ஆனாலும் ஜோசுவாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. போனை எடுத்தார், வைத்தார். ஃபேனைக் கூட்டினார், மறுபடி குறைத்தார்.

கடைசியில் கேட்டுவிட்டார்.

"பாஸ்டர் தடை கேப்பாரே, அந்த இடத்துல இன்னா போடலாம்?"

மாஸ்டரின் விரல் நின்றது. இவர்களைச் சேர்த்துவைக்கக் கூடாது என்று யாருக்காவது நியாயமான தடை தெரிந்தால் இப்போதே சொல்லட்டும் என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்கும் இடம் அது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்.

"அங்க எதுவும் வாசிக்கறதில்லீங்க சார். யாருனா சொன்னா காதுல விழணும் இல்ல?"

"அதான் இன்னா போடலாம்னு கேக்கறேன்."

விஷயம் மகேந்திரன். அதே கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவன். ஜோசுவாவின் மகள் கிறிஸ்டினாவும் அவனும் ரொம்ப நாளாகப் பழகியிருந்தார்கள். அது காதுக்கு வந்த மறுநாளே அவனை ராணிப்பேட்டை யூனிட்டுக்கு மாற்றிவிட்டு, நிர்வாக வசதிக்காக என்று நோட்டீசும் ஒட்டினார் ஜோசுவா. "கல்யாணத்தன்னிக்கு சர்ச்ல பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பேஜார்.

போன ஞாயிறு ஆராதனையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்தபோது பின்னால் யாரோ இருமினார்கள். அன்று மதியம் ஜோசுவா பிரியாணியைத் தொடவில்லை.

"கம்பெனில மிஷின் லைன் நின்னா இன்னா ஆவும்? ஆளாளுக்கு வாயத் தொறப்பான். அதேதான். பாஸ்டர் கேட்டு முடிச்சதும் டிரம்பெட்ட ஊதிடணும். ஃபுல் சவுண்டு."

"பாஸ்டர் ஒத்துக்கணுமே சார்."

"சர்ச்சுக்கு இந்தக் கீபோர்டு யாரு குடுத்தது?"

மாஸ்டர் ஒரு துதிப் பாட்டை முழக்கமாக வாசித்துக் காட்டினார். கர்த்தருடைய இரண்டாம் வருகைக்கே கொஞ்சம் ஜாஸ்தி என்று தோன்றும் முழக்கம். ஷோகேஸில் இருந்த சிறந்த ஏற்றுமதிக் கேடயம் அதிர்ந்தது.

ஜோசுவா கண்ணைத் திறந்தார். "இது ஓகே."

"இன்னாங்க இது, கட்சி ஊர்வலமாட்டம் இருக்குது" என்று சமையலறையிலிருந்து மனைவி செண்பகத்தின் குரல் வந்தது.

"உன்ன யாரு கேட்டா? டீய அனுப்பு."

டீயைக் கொண்டுவந்தது கிறிஸ்டினா. மாஸ்டருக்கு ஒரு டம்ளரைக் கொடுத்தாள். அப்பாவுக்கு முன்னால் ஒன்றை வைத்தாள்.

"மகேந்திரன் வரமாட்டாருப்பா. நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

ஜோசுவாவின் கால் நின்றது. அவளையே பார்த்தார். அவள் முகத்தில் அழுத தடம்கூட இல்லை. மகளின் தலையைத் தடவலாமா என்று தோன்றியது. பழக்கமில்லாததால் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

ஒரு வாய் குடித்ததும் பெருந்தன்மை வந்துவிட்டது.

"அப்ப அந்த இடத்துல டிரம்பெட் வேணாம் மாஸ்டர். பாஸ்டர் கேட்டுக்கட்டும். சர்ச்சுக்குன்னு ஒரு முறை இருக்குது இல்ல."

"பரவால்லப்பா, அங்க வாசிச்சிக்கட்டும்" என்றாள் கிறிஸ்டினா.

பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கப்புறம், இவர உன் புருஷனா ஏத்துக்கறியான்னு என்னைக் கேப்பாரு இல்ல மாஸ்டர், அந்த இடத்துல மட்டும் எதுவும் வேணாம். வீட்ல இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல. நான் சொல்றது எல்லாருக்கும் கேக்கணும்."